புளியமரத்தில் ஆணியடிக்கப்பட்ட அண்ணனுக்கு

கச்சிராயபாளையத்துக் கரும்புக்கும் காளைக்கும் கட்டிய மனைவிக்கும் ஒரே அதட்டலில் ஆணையிட்ட மாமன்னரே, என் கூடப்பிறந்த அன்பு அண்ணா,

நலமா என்று கேட்க மாட்டேன். நீ இருக்கும் இடத்தில் உன்னோடு இருப்பவர்கள் நலமா? உன் செருமல் கேட்டால் கோமுகி அணைத் தண்ணீர் திரும்ப மலையேறி ஒளிந்துகொள்ளும். அடுப்பில் சோறு உன் உத்தரவு கேட்டுத்தான் கொதிக்கும். உன் காரியத்துக்கு வந்த உறவுக்காரர்கள் இதையெல்லாம் "கண்டிப்பான மனுஷன்" என்று சுருக்கிவிட்டுச் சாப்பிடப் போனார்கள். நான் சுருக்க மாட்டேன்.

உன் வீட்டில் அழுதால் குற்றம், சிரித்தால் பெருங்குற்றம். "மூஞ்ச ஏன் தூக்கி வச்சிக்கினு இருக்கற? இன்னா கொறச்சல் உனக்கு?" அண்ணியை நீ நலம் விசாரித்த அழகு இதுதான். அவர் வாயைத் திறப்பதற்குள் துண்டை உதறிக்கொண்டு கழனிக்குப் போயிருப்பாய்.

ஒரு நாள் நீ ஒரேயடியாகப் போனாய். உன் பின்னாலேயே அண்ணியின் தூக்கமும் போனது, பசியும் போனது. குழாயடியில் குடத்தை வைத்துவிட்டு, அது நிரம்பி வழிவதைப் பார்த்தபடி நிற்பார். நம் அக்கா ஒரே பார்வையில் நோயைக் கண்டுபிடித்தாள். "சந்தேகமே இல்ல. பெரியவன்தான் வந்து புடிச்சிக்கினு இருக்கான்."

உயிரோடு இருந்தபோது பிடித்த பிடி போதாதா, அண்ணா?

பூசாரி வந்தார். அவர் உடுக்கை அடித்ததில் கல்வராயன் மலையே சேலம் பக்கம் கொஞ்சம் நகர்ந்து உட்கார்ந்தது. வேப்பிலையால் அண்ணியை விளாசி, "போறியா, இல்லியா?" என்றார். அடி தாங்காமல் அண்ணி, "போயிடறேங்க" என்றார். நீதான் பேசினாய் என்று எல்லோரும் கன்னத்தில் போட்டுக்கொண்டார்கள். அது நீ இல்லை என்று எனக்கு அப்போதே தெரியும். நீ எந்தக் காலத்தில் ஒருத்தர் சொன்னதைக் கேட்டாய்?

அண்ணியின் உச்சி முடியில் ஒரு கொத்தை அறுத்து, கள்ளக்குறிச்சி ரோட்டுப் புளியமரத்தில் வைத்து ஆணி அடித்தார்கள். நீ அதோடு கட்டுண்டாயாம். அண்ணிக்குத் தூக்கம் மட்டும் வரவில்லை.

பிறகு இட ஒதுக்கீட்டுப் போராட்டம் வந்தது. ஊருக்கு ஊர் மறியல், ரோடு முழுக்க வெட்டிச் சாய்த்த மரங்கள். உன் புளியமரமும் சாய்ந்தது. ஊரே படிப்பு, வேலை என்று பேசிக்கொண்டிருக்க, அக்கா மாரில் அடித்துக்கொண்டு ஓடிவந்தாள். "மரம் பூட்ச்சிடா! அவன் அவுத்துக்கினு வந்துட்டான்! இந்தத் தடவ மலைமேல கொண்டுபோய் அடிச்சாதான் அடங்குவான்!"

அதைக் கேட்ட அண்ணி, இரண்டு கையாலும் தலைமுடியைப் பொத்திக்கொண்டார். அதற்கு மேல் என்னால் வேடிக்கை பார்க்க முடியவில்லை. "கெளம்புங்க அண்ணி, ஆஸ்பத்திரிக்குப் போலாம்" என்றேன். பஸ் இல்லை. சைக்கிளைத் தள்ளிக்கொண்டு நடந்தோம். மரம் குறுக்கிட்ட இடத்தில் சைக்கிளைத் தோளில் தூக்கிக்கொண்டேன். ஆயிரம் மரம் தாண்டியதாக ஊரில் சொல்லி வைத்திருக்கிறேன், நீயும் அப்படியே நம்பு.

உன் மரம் வந்ததும் அண்ணி அதன் மேலேயே உட்கார்ந்துவிட்டார்.

"தம்பி, ஒன்னு சொல்றேன். உங்க அக்காகிட்ட சொல்லிடாதீங்க. அவரு போன அன்னிக்கு எனக்கு அழுவ வர்ல. மூச்சு நல்லா வந்துச்சி. புருஷன் செத்து மூச்சு நல்லா வர்ற பொம்பளைக்குத் தூக்கம் வருமா? அவரு ஒன்னும் புடிக்கல. நான்தான் பாவம் பண்ணிட்டேன்னு பயந்துக்கினு கெடக்கறேன்."

ஒன்பது ஊருக்குச் சேர்த்துப் பேசும் நான் உன்னிடம் ஒன்றே ஒன்று கேட்கிறேன், அண்ணா. அந்த மூச்சை அத்தனை வருஷம் எங்கே வைத்திருந்தாய்?

ஆஸ்பத்திரியில் டாக்டரம்மா எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்டார். இது பாவமும் இல்லை, பேயும் இல்லை, அடக்கி அடக்கி வைத்த மனசுக்கு வந்த சீக்கு என்றார். மாத்திரை கொடுத்து மறுபடியும் வரச் சொன்னார். நடுவில் நான் விளக்கம் சொல்லப் போக, "நீங்க கொஞ்சம் சும்மா இருங்க. வீட்லயும் சும்மா இருங்க. அவங்க பேசட்டும்" என்றார். எனக்கு இதற்குத் தூக்குத் தண்டனையே தேவலை.

இப்போது பகல் சாப்பாட்டுக்குப் பிறகு அண்ணி பேசுகிறார், நான் வெற்றிலை மெல்லுகிறேன். பெரும்பாலும் உன்னைத் திட்டுகிறார். என்னமாகத் திட்டுகிறார் தெரியுமா? சில நாள் உனக்காக அழவும் அழுகிறார். ஏன் என்று நான் கேட்பதில்லை.

உன் முதல் தெவசம் வருகிறது. உன் படத்தின் முன் விழுந்து மன்னிப்புக் கேட்டால்தான் நீ அடங்குவாய் என்கிறாள் அக்கா. அண்ணி அவளை நேராகப் பார்த்தார். "அவருக்குப் புடிச்சதெல்லாம் ஆக்கறேன், படைக்கறேன். மன்னிப்பு மட்டும் கேக்க மாட்டேன்."

இது என் வாக்கு. அன்றைக்கு அண்ணி பக்கத்தில் நான் நிற்பேன். அவரை யாரும் விழ வைக்க முடியாது, நீயே எழுந்து வந்தாலும். கோபம் வந்தால் நேராக என்னிடம் வா. ராத்திரி முழுக்கச் சண்டை போடலாம், எனக்கும் பேச ஆள் வேண்டியிருக்கிறது. ஆனால் சத்தம் மட்டும் போடாதே. அண்ணி இப்போதுதான் தூங்க ஆரம்பித்திருக்கிறார்.

உன் பிள்ளைகளின் வாயாடிச் சித்தப்பா,
உனக்கு என்றைக்கும் அடங்காத தம்பி.