இடப்பக்க இருக்கை

ஞாயிறு மாலை

அக்காவுக்குத் தங்கையின் அன்பு.

இன்று ஏரிக்கரையில் நான் வாய்வரை வந்தும் சொல்லாமல் விழுங்கியது இதுதான்: அத்தானுக்கு இடப்பக்கம் கண் தெரியவில்லை. போனில் சொல்லலாம் என்றால் அவர் பக்கத்திலேயே இருப்பார். அதனால் நாளை என்னிடம் டியூஷன் முடிந்ததும் இதை உன் மகள் வாலுவின் பையில் வைத்து அனுப்புகிறேன்.

முதலில் எனக்கும் உறைக்கவில்லை. இறகு, சிவப்பு இலை, ஓட்டை விழுந்த கல் என்று தேட வேண்டியதையெல்லாம் நீதான் சொல்லிக்கொண்டே வந்தாய். வலப்பக்கம் கிடந்ததை அத்தான் வாலுவுக்கு முன்பே கண்டுபிடித்தார். இடப்பக்கம் கிடந்த இறகை மிதித்துக்கொண்டே போனார். அப்பாவுக்கு முட்டை மார்க் என்று அவள் கேலி செய்தாள். மரங்களுக்குள் பாதை எப்படி வளைந்தாலும் நீ அவருடைய இடது தோளை விட்டு நகரவில்லை. புதுப் பெண்ணும் மாப்பிள்ளையும் மாதிரி ஒட்டிக்கொண்டு போகிறீர்களே என்று நான்கூடச் சிரித்தேன்.

மரப்பாலத்தில் நீ செருப்பு வாரை மாட்டக் குனிந்தாய். அப்போது அவர் சட்டென்று திரும்பி இடிக்க, வாலு தண்ணீரில் விழுந்தாள். நல்லவேளை, இடுப்பளவுதான். "பின்னாடி வந்து நின்னா எனக்கு எப்படிம்மா தெரியும்?" என்றார். அவள் பின்னால் நிற்கவில்லை அக்கா. இடப்பக்கம், கைக்கெட்டும் தூரத்தில் நின்றாள்.

அவர் ஓட்டும் பள்ளி வேனில் பிள்ளைகள் ஏறுவதும் அந்தப் பக்கம்தானே? இந்த வாரமே டாக்டரிடம் கூட்டிக்கொண்டு போ.

உன் தங்கை


செவ்வாய்

தங்கச்சிக்கு,

வாலுவுக்குச் சளி பிடிக்கவில்லை. நீ தைத்துக் கொடுத்த பாவாடைதான் நனைந்து சாயம் போய்விட்டது.

டாக்டரிடம் போன வருடமே போய் வந்தாயிற்று. போன பார்வை போனதுதான், வண்டி ஓட்டக்கூடாது என்றார். வேனில் ஆயா வேலைக்கு நான் ஏன் சேர்ந்தேன் என்று நினைத்தாய், வீட்டில் பொழுது போகாமலா? இடப்பக்க இருக்கையில் நான் உட்கார்ந்திருக்கிறேன். சைக்கிள் வந்தால் சொல்வேன். பிள்ளைகள் ஏறியதும் "போலாம்" என்பேன். நான் சொல்லாமல் அவர் வண்டியை நகர்த்துவதில்லை. இதுவரை வேனில் ஒரு கீறல் கிடையாது.

நாலு புத்தகம் படித்தவள், உனக்கு எழுதுவது சுலபம். வேனை எடுக்காத மனுஷனைக் காலையில் எழுந்து பார்க்கப்போவது நான். இதை உன்னோடு வைத்துக்கொள்.

அக்கா


புதன்

அக்கா,

உன் மேல் நம்பிக்கை இல்லாமல் இதை எழுதவில்லை. மரப்பாலத்தில் நீ எவ்வளவு நேரம் குனிந்திருந்தாய்? ஒரு செருப்பு வார் மாட்டும் நேரம். வேனில் உனக்குத் தும்மல் வராதா? பின்னால் ஒரு பிள்ளை வாந்தி எடுத்தால் திரும்பிப் பார்க்க மாட்டாயா?

வெள்ளிக்கிழமையும் அவர் வேனை எடுத்தால் பள்ளி அலுவலகத்தில் நானே போய்ச் சொல்வேன். அதற்குப் பிறகு நீ என்னை வீட்டுப் படி ஏற விடாவிட்டாலும் சரி. மிரட்டுகிறாயா என்று கேட்பாய். ஆமாம்.

தங்கை


வெள்ளி

நீ அலுவலகத்துக்குப் போக வேண்டாம்.

காலையில் நான் வேனில் ஏறவில்லை. நேரமாச்சு, ஏறு என்றார். வரவில்லை என்றேன். வண்டி உறுமிக்கொண்டே நின்றது. என்னைப் பார்க்காமல், "உன் தங்கச்சி சொன்னாளா?" என்றார்.

"நான்தான் சொல்றேன். என்னால முடியல. தினமும் வீட்டுக்கு வந்து இறங்கினப்புறம்தான் மூச்சே விடுறேன்."

வெகுநேரம் கழித்து இஞ்சினை அணைத்தார்.

நீ சொன்னது சரிதான். ஆனாலும் உன் மேல் எனக்குக் கோபம் ஆறவில்லை. வாலு கையில் வருவது இதுதான் கடைசிக் கடிதம், திங்கள் முதல் அவள் டியூஷனுக்கு வர மாட்டாள். நானாகக் கூப்பிடும்வரை நீயும் இங்கே வராதே.

சாவியைப் பள்ளி அலுவலகத்தில் நான்தான் கொண்டுபோய்க் கொடுத்தேன். வேறு ஓட்டுநரும் அவரோடு வேறொரு ஆயாவும் வந்து வேனை எடுத்துப்போனார்கள். பிள்ளைகள் முதல் மணி அடித்த பிறகுதான் பள்ளிக்குப் போய்ச் சேர்ந்தார்கள்.

அக்கா