மை பூசாத லேபிள்

அக். 12, ஞாயிறு

காலையிலேயே மூட்டம். மழை வருவதுபோல் வந்து ஏமாற்றியது. தீபாவளிக்கு முன் அறையைச் சுத்தம் செய்தேன். மானிட்டர் வந்த தெர்மாகோல், செத்த கீபோர்டு, அறுந்த சார்ஜர் ஒயர், பார்சல் கவர் பதினேழு. ஒவ்வொரு கவரிலும் என் பெயர், வீட்டு எண், மொபைல் எண், அதுவும் கொட்டை எழுத்தில். செருப்பு விற்கிறவனுக்கு என் ஜாதகம் எதற்கு? பதினேழுக்கும் கறுப்பு மார்க்கர் பூசியாயிற்று. இந்த எட்டு வீட்டில் இதைச் செய்கிற ஒரே ஆள் நான். மற்றவர்களுக்கு அவர்கள் ஆதார் நகலிலேயே பஜ்ஜி மடித்துக் கொடுத்தாலும் தின்றுவிட்டுக் கை துடைத்துக்கொள்வார்கள்.

குப்பை வண்டியில் தெர்மாகோல் எடுப்பதில்லை. மாடிப்படிக்குக் கீழே ஒரு காலி அட்டைப்பெட்டி கிடந்தது. எல்லாவற்றையும் அதில் அமுக்கிப் பக்கத்துக் காலிமனையில், ஏற்கெனவே இருந்த குவியலோடு வைத்துவிட்டு வந்தேன். ஒழிந்தது.

மார்க்கர் தீர்ந்துவிட்டது. வாங்க வேண்டும்.

13, திங்கள்

வெயில். அம்பத்தூர் எஸ்டேட் போய்ச் சேர ஒன்றரை மணி நேரம். டெஸ்டிங்கில் இரண்டு சர்க்யூட் போர்டு ஃபெயில்.

பதினொரு மணிக்கு வாட்ஸ்அப் குழுவில் நடராஜன். தரைத்தளம் G1, குடியிருப்புச் சங்கச் செயலாளர். ஆவடியில் ஃபேக்டரி இன்ஸ்பெக்ஷனில் இருந்து ரிட்டயர் ஆனவர். இன்ஸ்பெக்ட் செய்ய இப்போது குப்பைதான் மிச்சம். கையுறை போட்டுக்கொண்டு காலிமனைக் குவியலைக் கிளறி, லேபிள் தேடி, படம் எடுத்துப் போடுகிறார். சிவப்பு வட்டம் வேறு.

இன்றைய படம்: ஒரு லேபிள் மட்டும், குளோசப்பில். கலைவாணி, F2. பத்து இலக்கமும் பளிச்சென்று. "காலிமனையில் குப்பை கொட்டியவர் இவர்தான். படித்தவர்கள் செய்யும் காரியமா?"

கட்டைவிரல் ஒன்பது. F1 'ஷேம்' என்று எழுதினான். அவனுக்குத் தெரிந்த ஒரே வார்த்தை.

F2 எனக்குக் கீழே, முதல் மாடி. பூந்தமல்லியில் லேப் டெக்னீஷியன். அவரும் ஒரு சின்னப் பெண்ணும் மட்டும். பேசியதில்லை. "நான் போடலை சார். படத்தை எடுத்துடுங்க" என்று எழுதியிருந்தார்.

நடராஜன்: "பேர் இருக்கு, நம்பர் இருக்கு. வேற யார் மேடம் வந்து போடுவா?"

14, செவ்வாய்

புழுக்கம். படம் குழுவைத் தாண்டிவிட்டது. எவனோ எடுத்து எங்கள் ஏரியாவின் ஃபேஸ்புக் பக்கத்தில் போட்டிருக்கிறான். பாரிவாக்கத்தில் வாடகைக்கு வீடு, தொலைந்த நாய், பிரியாணி ஆஃபர் எல்லாம் வருகிற இடம். அடியில்:

"நம்பருக்கு தேங்க்ஸ் மாமே."

"அக்கா ஃப்ரீயா கீதா கேளு மச்சான்."

புகார் பட்டனை அழுத்தினேன். நான்கே நிமிடத்தில் பதில்: எங்கள் விதிமுறைகளை மீறவில்லை. படித்துப் பார்க்க அங்கே மனிதன் எவனும் கிடையாது. இருந்தாலும் இதே பதில்தான் வரும்.

15, புதன்

குழுவில் எழுதினேன். ஆறு பாயிண்ட். ஒருவர் எண்ணை அவர் சம்மதமில்லாமல் வெளியிடுவது குற்றம்; லேபிளில் இருக்கும் பெயர் குப்பை போட்டவருக்கான ஆதாரம் ஆகாது; தனியாக இருக்கும் பெண்ணின் எண், கதவு எண்ணோடு சேர்த்து; இப்படி. நன்றாகவே வந்திருந்தது. இரண்டு முறை படித்தேன். அடுத்து G2 அம்மா ஒரு ரோஜாப்பூ போட்டு 'இனிய காலை' சொன்னார்.

மாலை படிக்கட்டில் கலைவாணி.

"நீங்கதானே S1? குரூப்ல நீங்க ஒருத்தர்தான் கேட்டீங்க. ரொம்ப தேங்க்ஸ்ங்க."

"நிறைய கால் வருதா?"

"எண்ணுறதை விட்டுட்டேன். நேத்து ஒண்ணை பாப்பா எடுத்துட்டா."

"நம்பரை மாத்திடுங்க."

"பேங்க், ஆதார், கேஸ், ஸ்கூல், டூட்டி எல்லாம் இதுலதான் இருக்கு. ஈஸியா சொல்றீங்க." பிறகு, "பெட்டி என்னோடதுதான். பாப்பாவோட டேபிள் வந்த பெட்டி. பேப்பர்காரருக்குப் போடலாம்னு படிக்குக் கீழ வெச்சேன். யாரோ அதுல குப்பையைப் போட்டிருக்காங்க. யாருன்னு தெரிஞ்சா..."

"தெரிஞ்சா?"

"நான்தான்னு குரூப்ல சொல்லச் சொல்லுவேன். வேற என்ன செய்ய முடியும்?"

"ம்" என்றேன். மேலே வந்துவிட்டேன்.

படிக்குக் கீழே. ஞாயிறு. அந்தப் பெட்டியைத் திருப்பிக்கூடப் பார்க்கவில்லை நான்.

என் லேபிள் பதினேழுக்கும் மை. அந்தப் பெட்டியில் படிக்க முடிந்த ஒரே பெயர் அவருடையது.

16, வியாழன்

மழை. லீவு போட்டேன். காலிமனையில் பெட்டி ஊறிப் பிளந்து கிடந்தது. உள்ளே என் கீபோர்டு. பின்னால் வாட்ச்மேன் ஏழுமலை, குடையோடு.

"இன்னா சார், போட்டத திரும்ப எத்துக்கினு போவ வந்தியா?"

"பாத்தியா?"

"ஞாயித்துக்கெயம தோள்ல வெச்சிகினு போனியே. பாக்காத பின்ன?"

"ஏன் சொல்லலை?"

"எவன் கேட்டான்? செகரெட்ரி லேபிள கேட்டாரு. என்னிய கேக்கல." குடையைச் சாய்த்துத் தண்ணீரை வடித்தான். "குரூப்புல ஆறு பாயிண்ட்டு எய்தினியாமே. ஜி-டூ அம்மா படிச்சிக் காட்டுச்சு. சோக்கா எய்திகீற சார்."

17, வெள்ளி

தூறல். F2-இன் ஓனர் காட்டுப்பாக்கத்தில் இருக்கிறார். நடராஜன் படத்தை அவருக்கும் அனுப்பியிருக்கிறார். மாதக் கடைசியில் காலி செய்யச் சொல்லிவிட்டாராம்.

குழுவுக்கு எழுதிய முதல் டிராஃப்ட்: 'பெட்டி கைமாறியதில் ஒரு குழப்பம் நேர்ந்துள்ளது.' நேர்ந்ததாம். நடராஜன்கூட இதைவிட நேராக எழுதுவார். அழித்தேன்.

மதியம் அனுப்பியது: "பெட்டிக்குள் இருந்த குப்பை என்னுடையது. F2 பெட்டியைக் கேட்காமல் எடுத்துக் காலிமனையில் போட்டவன் நான். கலைவாணி மேடத்திடம் மன்னிப்புக் கேட்கிறேன். குழுவும் கேட்க வேண்டும். S1."

F1: "ஓகே ப்ரோ, நடக்கிறதுதான்." ஷேம் எங்கே போனது?

நடராஜன்: "வேலைப்பளுவில் தெரியாமல் நடந்திருக்கும் தம்பி. தங்கள் நேர்மைக்குப் பாராட்டுகள்."

கைத்தட்டல் பதினொன்று. அதே பெட்டி, அதே குப்பை. மன்னிப்பு ஒருவரும் கேட்கவில்லை. கலைவாணி படித்துவிட்டார், நீல டிக்.

18, சனி

வெளுத்த வானம். ஓனருக்குப் போன் செய்து, குப்பை போட்டது நான் என்றேன். "அது சரி சார். ஆனா நம்பர் ஊரெல்லாம் சுத்துற பொம்பளைய வெச்சிக்க முடியுங்களா?" போனை வைத்துவிட்டார்.

நடராஜன் வீடு. காபி கொடுத்தார், எனக்கு. குழுவில் படத்தை நீக்கியாயிற்று என்றார். ஏரியா பக்கம் நடத்துகிறவர் அவர் நண்பர். அங்கேயும் எடுக்கச் சொல்லுங்கள், குப்பை போட்டது நான் என்று என் பெயர், வீட்டு எண், மொபைல் எண்ணோடு போடச் சொல்லுங்கள் என்றேன். பதறிவிட்டார்.

"உங்க நம்பரை எப்படித் தம்பி பப்ளிக்ல போடறது? பிரைவசின்னு ஆறு பாயிண்ட் எழுதினதே நீங்கதானே?"

கிண்டல் இல்லை. உண்மையான அக்கறை.

படத்தை எடுக்க மட்டும் சொல்லிப் பார்ப்பதாகச் சொன்னார். காலை பத்து மணிக்கு ஏரியா பக்கத்தில் அந்தப் படத்துக்கு அடியில் நானே எழுதினேன். பெயர், S1, பத்து இலக்கம்.

மாலை ஐந்து. எனக்கு ஒரு அழைப்பும் இல்லை. கீழே F2-இல் போன் அடிக்கிறது. நின்றது. மறுபடி அடிக்கிறது.