அப்பா நிரப்பிய தோட்டாக்கள்

லூயிஸ்டவுன், மான்டானா
வியாழன் காலை

அன்புள்ள மார்னிக்கு,

அம்மா எழுதுவது. டுவேன் இதைக் கையில் கொடுத்தவுடன், மற்ற வேலையைப் போட்டுவிட்டுப் படி. அப்பா நிரப்பிக் கொடுத்த தோட்டாக்களில் ஒன்றைக்கூடச் சுடாதே. பயிற்சிக்கும் வேண்டாம். துப்பாக்கிப் போட்டி நடக்கும் அந்த மலையில் போன் எடுக்காது. நேற்றிலிருந்து அடித்து அடித்துப் பார்த்துவிட்டேன். பக்கத்துப் பண்ணை டுவேனும் போட்டிக்குக் கிளம்புகிறார் என்று தெரிந்த பிறகுதான் எனக்கு மூச்சே வந்தது.

நேற்று பட்டறை மேசையைத் துடைக்கப் போனேன். உன் பெட்டியில் இடமில்லாமல் மிஞ்சிய தோட்டாக்கள் தட்டில் நின்றன. நடுவே அப்பாவுடைய .260 ரகத் தோட்டா ஒன்று. உன்னுடையது 6.5 கிரீட்மோர் ரகம். இரண்டுக்கும் குண்டு ஒரே பருமன், அடிப்பாகமும் ஒன்றுதான். உன் பித்தளைக் கூடு மட்டும் சற்றுக் குட்டை. பழகியவர்களுக்கு ஒரு பார்வை போதும். உன் அப்பாவோ கல்யாணத்துக்கு முன்பிருந்தே தோட்டா நிரப்புகிறவர்.

அதையும் உன்னுடையது ஒன்றையும் அவரிடம் நீட்டி, எது யாருடையது என்று கேட்டேன். "ரெண்டும் மார்னியோடதுதான். என்ன, எனக்கே பரீட்சை வைக்கிறியா?" என்று சிரித்தார்.

மதியம் அவர் கண்ணயர்ந்ததும், தட்டிலிருந்த உன் தோட்டாக்கள் நான்கையும் குண்டு பிடுங்கும் சுத்தியலில் தட்டிப் பிரித்து, மருந்தைத் தராசில் கொட்டினேன். இரண்டில் உன் அளவு. மற்ற இரண்டில் அவருடைய அளவு. தன் துப்பாக்கிக்கென்று எல்லை வரைக்கும் ஏற்றி வைத்திருப்பாரே, அந்த அளவு. உன் சின்னக் கூட்டுக்குள் அவ்வளவு மருந்து வெடித்தால் என்ன ஆகும் என்று உனக்குச் சொல்ல வேண்டியதில்லை. நீ துப்பாக்கியில் கன்னத்தை ஒட்டிவைத்துச் சுடுகிறவள். அந்தக் கன்னம்தான் என் கண்ணுக்குள் நிற்கிறது. பயமாக இருக்கிறது மார்னி.

கறுப்புப் பசு கன்று போட்டுவிட்டது, நல்லபடியாக இருக்கிறது. அப்பாவுடைய கண்தான் சரியில்லை. சூப் டப்பாவின் மேல் எழுதியிருப்பதை என்னைப் படிக்கச் சொல்கிறார். கண்ணாடியை எங்கோ வைத்துவிட்டேன் என்பார், அது மூக்கின் மேலேயே இருக்கும். டாக்டர் பேச்சை எடுத்தால் எரிந்து விழுகிறார்.

இதை எழுதிக்கொண்டிருக்கும்போதே காபியோடு வந்து பின்னால் நின்றார். யாருக்கு என்று கேட்டார். சர்ச் விருந்துக்கு யார் என்ன சமைப்பது என்று எழுதுகிறேன் என்றேன். அவரோ, "ஆர்லிஸ், அதைச் சுட வேணாம்னு அவளுக்கு எழுது. எது எதுல என்ன போட்டேன்னு எனக்கு நிச்சயமாத் தெரியல" என்றார். காபியைக் குடிக்காமலே மேசையில் வைத்துவிட்டுப் போய்விட்டார்.

போட்டி போனால் போகிறது. யாரிடமாவது நல்ல தோட்டா கிடைத்தால் சுடு, இல்லாவிட்டால் சும்மா திரும்பி வா. வந்ததும் அவரிடம் எதுவும் கேட்காதே. டாக்டரிடம் நீ கூப்பிட்டால் வருவார். கடவுள் உன் கண்ணைக் காப்பாற்றட்டும். இந்த வீட்டில் அதுவாவது முழுசாக இருக்கட்டும்.

உன் வண்டிச் சத்தத்துக்குக் காத்திருக்கும்
அம்மா