உன் வண்டியில் அப்பா உட்கார்ந்த நாள்

அன்பு மகள் பொன்செல்விக்கு அம்மா எழுதுவது. இங்கே நானும் அப்பாவும் தம்பி செந்திலும் நல்லபடியாக இருக்கிறோம், உன் உடம்பும் வேலையும் அப்படியே இருக்கத் திருச்செந்தூர் முருகனிடம் தினமும் சொல்லிக்கொண்டிருக்கிறேன். போனில் பேசலாம்தான், ஆனால் நான் போனை எடுத்தாலே அப்பா பக்கத்தில் வந்து நின்றுகொள்கிறார், அதனால்தான் மக்ரூன் பலகாரப் பார்சலுக்குள் இதை வைத்து அனுப்புகிறேன். அன்றைக்கு உன்னைப் பார்க்க வந்துவிட்டு அப்பா ஏன் ஒன்றும் பேசாமல் ரயில் ஏறினார் என்று நீயும் கேட்டுக்கொண்டே இருக்கிறாய். நாங்கள் சிங்கம் புலி பார்க்க மட்டும் மைசூருக்கு வரவில்லை மகளே. உனக்குப் பார்த்திருந்த கோவில்பட்டி மாப்பிள்ளை வீட்டார், பெண் சஃபாரி வண்டி ஓட்டுவதை விட்டால்தான் தாம்பூலம் மாற்றுவோம் என்று சொல்லிவிட்டார்கள். பொம்பளப் பிள்ளைக்குக் கரடி காட்டுத வேலை என்னத்துக்கு, கையோட கூட்டிட்டு வந்துருவோம் என்று உன் அப்பாவும் தலையாட்டிவிட்டார். அதைச் சொல்லத்தான் வந்தோம்.

நீ ஸ்டியரிங்கில் இருந்தாய், பின்னால் நடந்தது உனக்குத் தெரியாது. அப்பாவைத்தான் தெரியுமே, துறைமுகத்தில் இத்தனை வருஷம் கண்டெய்னர் லாரி ஓட்டியவர், வேறு யார் ஓட்டினாலும் உட்கார்ந்த இடத்திலேயே காலால் பிரேக் மிதிப்பார். உன் வண்டியிலும் மிதித்துக்கொண்டே வந்தார், சிங்கத்தைப் பார்க்கவேயில்லை, நீ கியர் மாற்றுவதைத்தான் பார்த்தார். கரடிப் பகுதிக்கு வந்ததும் என் கூத்து. உனக்காகக் கீழவைப்பாரில் சொல்லி வாங்கிய நெத்திலிக் கருவாட்டைப் பைக்குள் சேலைக்கு அடியில் வைத்திருந்தேன். சாப்பாட்டுப் பொருள் கூடாது என்று வாசலில் சொன்னார்கள்தான், சமைக்காத கருவாடு எப்படிச் சாப்பாடாகும் என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன். கரடிக்கு அந்த வித்தியாசம் தெரியவில்லை. நேராக என் ஜன்னலுக்கு வந்து கம்பி வலையைப் பிடித்து எழுந்து நின்றபோது எனக்கு உயிரே இல்லை. ஒருவர் கண்ணாடியைத் தட்ட, குழந்தைகள் அலற, அக்கா வண்டிய எடு எடு என்று செந்தில் கத்துகிறான். நீ எடுக்கவில்லை. கரடியின் கால் சக்கரத்தை ஒட்டி இருப்பதைப் பக்கக் கண்ணாடியில் பார்த்துவிட்டு எஞ்சினை அணைத்தாய், கன்னடத்தில் ஏதோ சொன்னாய், வண்டிச் சனமே அடங்கிவிட்டது. கரடி சலித்துப்போய் இறங்கி நடக்கும்வரை நீ அசையவில்லை. அப்போது அப்பா என் காதில், ஏளா, நானா இருந்தா பயத்துல எடுத்திருப்பேன், அது காலு போயிருக்கும் என்றார். அதற்குப் பிறகு அவர் கால் சும்மா இருந்தது, நான் பார்த்தேன். இறங்கியதும் எல்லார் முன்னாலும், அம்மான்னாலும் சட்டம் சட்டந்தாம்மா என்று கருவாட்டைப் பிடுங்கி ஆபீசில் கொடுத்தாயே, எனக்கு முகம் சுருங்கிப் போயிற்று. அப்பாவோ அந்தப் பக்கம் திரும்பிச் சிரித்துக்கொண்டிருந்தார். இவ கன்னடம் எப்பம் படிச்சா என்று ரயிலில் மதுரை வரைக்கும் கேட்டுக்கொண்டே வந்தார்.

ஞாயிற்றுக்கிழமை மாப்பிள்ளை வீட்டார் வந்தார்கள். எப்போது வேலையை விடுகிறாள் என்று மாப்பிள்ளையின் தகப்பனார் கேட்டார். உன் அப்பா காபி டம்ளரைக் கீழே வைத்துவிட்டு, அவ விடமாட்டா அண்ணாச்சி, ஒரு வண்டி சனத்தோட உயிரு அவ கையில இருக்கு, நான் கண்ணால பாத்துட்டு வாரேன் என்றார். அவர்கள் முகம் மாறி எழுந்து போய்விட்டார்கள். அந்தச் சம்பந்தம் போயிற்று. எனக்கு இரண்டு நாள் சோறு இறங்கவில்லை, பொய் சொல்லமாட்டேன். ஆனால் துறைமுக வாசல் டீக்கடைக்கார லிங்கராஜ் அண்ணாச்சி உன் அப்பாவிடம், மக எங்கன இருக்கா, என்ன பண்ணுதா என்று கேட்டிருக்கிறார். இத்தனை நாள் ஏதோ கம்பெனி வேலை என்று மழுப்பிக்கொண்டிருந்த மனுஷன், என் மக டிரைவரு, என்னைய விட நல்ல டிரைவரு என்று கடையே திரும்பிப் பார்க்கச் சொன்னாராம். செந்தில் வந்து சொன்னதும் அடுப்படியில் நின்று அழுதுவிட்டேன், பெருமையில்தான் மகளே.

வேளைக்குச் சாப்பிடு, வாரம் ஒருநாளாவது எண்ணெய் தேய்த்துக் குளி, முருகன் உன் வண்டிக்கு முன்னாலேயே போவான். நான் எழுதியதைக் காட்டிக்கொள்ளாதே. அப்பா இதையெல்லாம் தானாகச் சொல்லும் நாளில், முதல் தடவை கேட்பதுபோல் கேட்டுக்கொள்.

உன் அம்மா,
சீனித்தாய்