ஒரே ஒரு நாளை மாற்றலாம்

இப்ஸ்விச், குயின்ஸ்லாந்து
4 மார்ச் 2007

அன்புள்ள நோலீன்,

நான் சுகம். நீயும் உன் அக்கா பெவும் சுகமா? டாஸ்மேனியாவில் அதற்குள் கம்பளி எடுத்திருப்பீர்கள். இங்கே மின்விசிறிக்கு இன்னும் ஓய்வில்லை. மாமரம் இந்த வருடம் காய்த்துத் தள்ளியது. தின்ன ஆளில்லாமல் பாதியை வௌவால்களுக்கு விட்டுவிட்டேன்.

ஒரு உதவி வேண்டும். ஆகஸ்டில் எங்கள் மாடல் விமானச் சங்கத்தின் கண்காட்சி. இந்த முறை 'நடந்திருந்தால்' பிரிவில் கலந்துகொள்ளப் போகிறேன். டி.எஸ்.ஆர்-2 நினைவிருக்கிறதா? பிரிட்டன்காரர்கள் கட்டிய குண்டுவீச்சு விமானம். ஒன்றே ஒன்று பறந்தது, அதோடு திட்டத்தை மூடிவிட்டார்கள். நம் விமானப்படையும் அதைப் பார்த்துவிட்டு, வாங்காமல் விட்டது. வாங்கியிருந்தால் நான் வேலை பார்த்த ஆம்பர்லி தளத்தில்தான் நின்றிருக்கும், நான்தான் அதற்கு எண்ணெய் விட்டிருப்பேன். அதைத்தான் சின்னதாகக் கட்டப்போகிறேன். ஒட்டிக் கட்டும் பாகங்கள் அடங்கிய கிட் வந்துவிட்டது. நாலு பக்கத்துக்குத் திட்டமும் எழுதியாயிற்று. மேலே பச்சையும் பழுப்பும், அடிவயிறு கறுப்பு.

விமானப்படைச் சின்னமான வட்டத்துக்குள் கங்காரு வரைய உன் கை வேண்டும். கடையில் விற்கும் கங்காரு எலி மாதிரி இருக்கிறது. சட்டைப் பொத்தான் அளவில் ஆறு போதும்.

இந்தப் பிரிவில் ஒரு விதி உண்டு. மாடலின் பக்கத்தில் ஒரு அட்டை வைக்கவேண்டும். எந்த நாள் வேறு மாதிரி நடந்ததால் இந்த விமானம் உண்டாயிற்று என்று அதில் எழுதவேண்டும். ஒரே ஒரு நாளைத்தான் மாற்றலாம். மற்றதெல்லாம் அதிலிருந்து தானாக வரவேண்டும்.

வீடு பேச்சில்லாமல் கிடக்கிறது.

உன்,
மெர்வ்

*

பெர்னி, டாஸ்மேனியா
17 மார்ச் 2007

அன்புள்ள மெர்வ்,

நான் கிளம்பி வந்து நான்கு வருடமாகிறது. முதல் முறையாக என்னிடம் ஒன்று கேட்டிருக்கிறாய். கங்காரு! பெவிடம் படித்துக் காட்டினேன். "பொண்டாட்டியக் கூப்பிடுறான்னு நெனச்சேன், கங்காருவக் கூப்பிடுறானேடி" என்று விழுந்து விழுந்து சிரித்தாள். நானும் சிரித்தேன். பிறகு நாற்றுகளுக்குத் தண்ணீர் விடப் போய், விட்ட தொட்டிக்கே மறுபடியும் விட்டேன்.

வரைந்து தருகிறேன். இடப்பக்கத்துக்கு மூன்று, வலப்பக்கத்துக்கு மூன்று. போன தடவை எல்லாவற்றையும் ஒரே பக்கம் பார்க்க ஒட்டி, வலது இறக்கைக் கங்காரு விமானத்தின் வாலை நோக்கி ஓடியதை மறந்துவிடாதே. கங்காரு எப்போதும் விமானத்தின் மூக்கைப் பார்த்துத்தான் தாவவேண்டும். இருபத்தெட்டு வருடம் விமானப்படையில் குப்பை கொட்டியவனுக்கு இதை நான் சொல்லவேண்டியிருக்கிறது.

போன் செய்யாதே, எழுது. போனில் நீ மேசையைப் பார்த்துக்கொண்டே பேசுவது எனக்கு இங்கிருந்தே தெரிகிறது.

அட்டையில் எந்த நாள்?

உன்,
நோலீன்

*

இப்ஸ்விச்
8 ஏப்ரல் 2007

அன்புள்ள நோலீன்,

அந்த நாளில்தான் மாட்டிக்கொண்டேன். 1965 ஏப்ரல் 6 என்று எழுதியிருந்தேன். திட்டத்தைக் கைவிட்டதாக லண்டனில் அறிவித்த நாள். சங்கத்தில் கிளாரி அட்டையைப் பார்த்துவிட்டு எல்லார் முன்னாலும் கேட்டான்: "ஏண்டா மெர்வ், சாவுச் சேதி வந்த நாள மாத்தினா பொணம் எந்திரிச்சிருமா?"

அவன் சொன்னது சரிதான். அதற்கு ஒன்றரை வருடம் முன்னால், 1963 அக்டோபரில், நம் ஆட்கள் அமெரிக்க விமானத்துக்கு ஆர்டர் கொடுத்தார்கள். உயிர் அன்றைக்கே போய்விட்டது என்பது கிளாரியின் கட்சி. புதிதாக வருகிறவர்கள் எல்லாரும் செய்யும் தப்பாம். இந்த வயதில் நானும் செய்தேன். அட்டையைத் திருத்திவிட்டேன்.

ஆனால் எனக்கு ஒரு நாளை மாற்றக் கொடுத்தால் விமானத்துக்குச் செலவழிக்க மாட்டேன். 2003 மே மாதம், நீ கிளம்பிய ஞாயிற்றுக்கிழமையை மாற்றுவேன். கார்ச் சாவியை என் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு வாசலில் நின்றிருப்பேன். திரும்பி வா, நோலீன். நீ இல்லாமல் எனக்கு முடியவில்லை.

உன்,
மெர்வ்

*

பெர்னி
22 ஏப்ரல் 2007

அன்புள்ள மெர்வ்,

கங்காருகள் இத்துடன். எது எந்தப் பக்கம் என்று பின்னால் எழுதியிருக்கிறேன்.

கடைசிப் பத்தியை எத்தனை முறை படித்தேன் என்று சொல்ல வெட்கமாக இருக்கிறது. இந்த வரிக்காகத்தான் நான்கு வருடம் தபால்காரரைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

ஆனால் கிளாரி சிரித்த அதே தப்பை மறுபடியும் செய்திருக்கிறாய். அந்த ஞாயிற்றுக்கிழமை சேதி வந்த நாள், அவ்வளவுதான். அதற்கு ஒரு வருடம் முன்னால் ஒரு நாள் உன்னிடம் ஒரு கேள்வி கேட்டேன். நீ இரண்டே வார்த்தையில் பதில் சொன்னாய். அந்தக் கேள்வி என்ன என்று எழுது. எழுதினால் அந்த வாரமே விமானம் ஏறுகிறேன். கண்காட்சிக்கு மட்டுமல்ல, ஒரேயடியாக.

உன்,
நோலீன்

*

இப்ஸ்விச்
30 மே 2007

அன்புள்ள நோலீன்,

ஐந்து வாரம் யோசித்தேன். மாடல் வேலையையே நிறுத்திவிட்டேன். அந்த வருடத்து நோட்டுப் புத்தகத்தை எடுத்து வரி வரியாகப் பார்த்தேன். எந்த வண்ணத்தில் எத்தனை சொட்டுக் கலந்தேன் என்பது வரை இருக்கிறது. நீ ஒரு இடத்திலும் இல்லை.

கிளாரியிடம் சொன்னேன். "ஏதாச்சும் ஒண்ணை எழுதிப் போடுடா, பொம்பளைங்க மன்னிச்சிருவாங்க" என்றான். கிச்சனை மாற்றலாமா என்று கேட்டாய், அடிலெய்டில் உன் தோழி வீட்டுக் கல்யாணத்துக்குப் போகலாமா என்று கேட்டாய். இப்படி இரண்டு மூன்று எழுதிப் பார்த்துக் கிழித்துவிட்டேன். உன்னிடம் பொய் எழுத வரவில்லை.

எனக்கு ஞாபகம் இல்லை, நோலீன். என்னவென்று நீயே சொல். தெரிந்துகொண்டாவது மன்னிப்புக் கேட்கிறேன்.

உன்,
மெர்வ்

*

பெர்னி
9 ஜூன் 2007

அன்புள்ள மெர்வ்,

பொய் எழுதாததற்கு நன்றி. எழுதியிருந்தால் ஒருவேளை நம்பிக்கொண்டே வந்திருப்பேன். அவ்வளவு ஆசையாக இருந்தது. இப்போதும் கட்டிலில் உன் பக்கத்தை விட்டுவிட்டுத்தான் படுக்கிறேன். ஆனால் வரமாட்டேன்.

பெவ் நாற்றுப்பண்ணையில் கூட்டுச் சேரக் கூப்பிட்டிருந்தாள். எனக்குப் போக மனமே இல்லை. 'போகாதே' என்று நீ சொல்லி நான் கேட்கவேண்டும் என்றிருந்தது. அதற்காகவே உன் மேசைக்குப் பக்கத்தில் வந்து, "பெவ் கூப்பிடுறா மெர்வ், போகட்டுமா?" என்று கேட்டேன். நீ ஒட்டிய இறக்கையை இரண்டு விரலால் பிடித்துக்கொண்டிருந்தாய். நிமிராமல், "உன் இஷ்டம்" என்றாய்.

பசை காய்ந்ததும் நிமிர்வாய் என்று அங்கேயே நின்றேன். காய்ந்தது. நீ அடுத்த இறக்கையை எடுத்தாய்.

நோலீன்