மூன்றடிக்கு மேல் கொடி கூடாது

என் செல்ல மகளுக்கு அம்மா எழுதறது. இங்கே நானும் அப்பாவும் இருக்கோம், உடம்புக்குப் புதுசா எதுவும் வரலை, அதையே சுகம்னு வச்சுக்கோ. நீயும் மாப்பிள்ளையும் குட்டியும் நல்லா இருக்கீங்கன்னு நம்பித்தான் பேனாவை எடுத்தேன். குட்டிக்குப் பல் முளைக்கிற நேரம், சுரம் வந்தா பதறாதே, ஆனா ரெண்டு நாளைக்கு மேல விடாதே. ஃபோன்ல பேசும்போதெல்லாம் அம்மா ஏன் குரலை அடக்கிப் பேசறேன்னு கேட்டே இல்ல, சளின்னு சொன்னேன். சளி இல்லை. சித்தி உனக்கு அரைகுறையா ஏதாவது சொல்லியிருப்பா, அவ வாய் சும்மா இருக்காது. அதுக்குத்தான் முழுசா எழுதறேன், வேற யார் வழியாவும் இது உன் காதுக்கு வரக் கூடாது.

மேல்வீட்டு சலூன் மாமாவோட பையன், உன்கூட ஒரே பெஞ்சில உட்கார்ந்து படிச்சவன், எந்தக் கொடியைத் தூக்கிக்கிட்டுப் போய்த் திரும்பி வராமப் போனான்னு உனக்குத் தெரியும். அது எந்தக் கொடின்னு நான் எழுதலை, இப்போ இந்த ஊர்ல பாதிப் பேருக்கு அது சாமி மாதிரி, மீதிப் பேருக்கு அதைப் பார்த்தாலே ரத்தம் கொதிக்குது. வருஷா வருஷம் பையன் போன நாள்ல மாமா கைக்குட்டை அளவுக்கு ஒண்ணு பால்கனியில கட்டி, மறுநாள் அவிழ்த்துடுவார். யாரும் ஒண்ணும் சொன்னதில்லை. இந்த வருஷம் எவனோ சலூன் கண்ணாடி முழுக்கக் கறுப்பு மையை ஊத்திட்டுப் போயிட்டான். மாமா ரெண்டு நாள் உட்கார்ந்து சுரண்டினார், மூணாம் நாள் பதினெட்டு அடியில ஒரு கொடி வாங்கிட்டு வந்து மேலே கட்டித் தொங்கவிட்டார். அது நேரா வந்து நம்ம ஜன்னலை மூடிடுச்சு. அப்பா கட்டில் அந்த ஜன்னலோரம்தானே கிடக்கு. பக்கவாதம் வந்ததிலிருந்து மனுஷனுக்கு இருக்கிற ஒரே பொழுதுபோக்கு எதிர்த்த பஸ் நிறுத்தம், எந்த வண்டி எத்தனை நிமிஷம் லேட்டுன்னு இடது கை விரலைக் காட்டி எனக்குச் சொல்லுவார், முப்பது வருஷம் ஸ்டியரிங் பிடிச்சவர் ஆச்சே. கொடி வந்த பிறகு விரலைக் காட்டறதே நின்னுபோச்சு.

மேலே போய் மாமாகிட்டச் சொன்னேன். அக்கா, அத்தான் கண்ணை மறைக்குதுன்னு எனக்குத் தெரியாதா, கொஞ்சம் பொறுத்துக்கங்கன்னு சொல்லி, பாதிக்கு மேல சுருட்டித் துணி கிளிப் நாலு மாட்டிவிட்டார். ரெண்டே வாரத்துல எதிர்த்த டயர் கடைக்காரங்க அவங்க கொடியை இருபது அடிக்கு ஏத்தினாங்க. மாமா கிளிப்பைக் கழட்டிட்டார். அப்புறம் தெருவே ரெண்டாச்சு, கொடிக்கு அளவு வைக்கணும்னு நகரசபையில பேச்சு கிளம்புச்சு. நம்ம வார்டு உறுப்பினர் வக்கீலம்மா ஒருநாள் வீட்டுக்கு வந்து, உங்க கஷ்டத்தை எழுதிக் கொடுங்கம்மா, சபையில படிக்கிறேன்னாங்க. நானே டைப் அடிச்சேன், நாலே வரி. படுக்கையில இருக்கிறவருக்கு வெளிச்சம் இல்லை, கொடியை ரெண்டு முழம் தள்ளிக் கட்டச் சொன்னா போதும். கையெழுத்தைத் தாளோட அடியில போட்டேன், நடுவுல அரைப்பக்கம் வெறுமையாக் கிடந்துச்சு. பத்திரப் பதிவு ஆபீஸ்ல அத்தனை வருஷம் டைப்பிஸ்ட்டா இருந்துட்டு, இடம் விட்டுக் கையெழுத்துப் போடாதீங்கன்னு ஊருக்கெல்லாம் சொன்னவ நான்.

புதன்கிழமை சாயந்திரம் கூட்டம். பக்கத்து வீட்டம்மாவை அப்பாகிட்ட உட்கார வச்சுட்டுப் போனேன். முதல்ல சிரிப்பாத்தான் இருந்துச்சு, கொடியை நனைஞ்சபோது அளக்கிறதா காய்ஞ்சபோது அளக்கிறதான்னு ஒருத்தர், அதே நிறத்துல படுக்கை விரிப்பு காயப்போட்டா அதுக்கும் டேப் பிடிப்பீங்களான்னு இன்னொருத்தர். அப்புறம் வக்கீலம்மா என் மனுவைப் படிச்சாங்க. என் நாலு வரிக்குக் கீழே இன்னொரு வரி இருந்துச்சு கண்ணு. இந்தக் கொடியை ஏற்றியவர் எந்த நேரமும் எதையும் செய்யக்கூடியவர், எங்கள் உயிருக்கு அச்சமாக இருக்கிறது. அப்படின்னு. சத்தியமா நான் எழுதலை. மாமா எனக்கு முன்வரிசையில, கடையிலிருந்து அப்படியே வந்தவர், வெள்ளைக் கோட்டைக்கூடக் கழட்டலை, திரும்பி என்னைப் பார்த்தார். நான் எழுந்து இது என் வரி இல்லைன்னு சொல்லியிருக்கணும். பின்னாடி நாற்பது பேர் கை தட்டறாங்க, நான் எழுந்திருக்கலை. பயம்னு மட்டும் சொன்னா அதுவும் பொய். கொடி இறங்கினா போதும்னு அந்த நிமிஷம் உள்ளுக்குள்ள ஒரு நினைப்பு ஓடுச்சு. குனிஞ்சு கைப்பை ஜிப்பைத் திறந்து மூடிக்கிட்டு இருந்தேன். ஏழுக்கு நாலுன்னு தீர்மானம் நிறைவேறுச்சு. மூணடிக்கு ரெண்டடி, அதுக்கு மேல யாரும் கட்டக் கூடாது.

ஞாயிற்றுக்கிழமை சவரத்துக்கு மாமா வரமாட்டார்னு நினைச்சேன். வந்தார். எப்பவும்போல அப்பாவுக்கு நுரை போட்டுச் சவரம் பண்ணி, காது மடல் வரைக்கும் துடைச்சுவிட்டார். கத்தியை மடக்கும்போதுதான் என்னைப் பார்க்காமலே கேட்டார், அக்கா, நான் இதை எடுத்துக்கிட்டு உங்க வீட்டுக்குள்ள வர்றது உங்களுக்குப் பயமா இல்லையான்னு. நான் ஈரத் துண்டை எடுத்துக்கிட்டு அலசப் போயிட்டேன். அவர் கத்தியைப் பையில வச்சுக்கிட்டுப் போயிட்டார். அன்னைக்காவது வாயைத் திறந்திருக்கலாம்.

மறுநாள் நகரசபை ஆட்கள் ரெண்டு பேர் ஏணியோட வந்தாங்க. மாமா சண்டை போடலை. கடைக் கத்திரியைக் கொண்டுவந்து, அவங்க டேப்பையே வாங்கி அளந்து, மூணடிக்கு ரெண்டடி வெட்டி வச்சுக்கிட்டு மீதியைக் கையிலிருந்து நழுவவிட்டார். அது நம்ம ஜன்னலைத் தாண்டிக் கீழே விழுந்துச்சு. டயர் கடையில விசில் அடிச்சாங்க, ஒருத்தன் அது மேலேயே சைக்கிளை ஓட்டிக்கிட்டுப் போனான். அப்பா வாயிலிருந்து ஒரு சத்தம் வந்துச்சு, ஆஸ்பத்திரியில இருந்தப்பகூட அந்தச் சத்தத்தை நான் கேட்டதில்லை. வெளிச்சம் வந்துடுச்சு, கண்ணு. அப்பா அந்தப் பக்கம் திரும்பவே இல்லை. டயர் கடைக்காரங்களோட இருபது அடியும் ஒரு வாரத்துல இறங்குச்சு, ஆனா அவங்க வியாபாரம் குறையலை. சலூனுக்குத்தான் ஆள் வரலை. எந்த நேரமும் எதையும் செய்யக்கூடியவர்னு சபையிலேயே படிச்ச பிறகு எவன் வந்து கழுத்தை நீட்டுவான். பேக்கரிக்காரரைப் பிடிச்சு, அது நான் எழுதினது இல்லைன்னு சொன்னேன். கையெழுத்து உங்களுதுதானே அம்மான்னார். வக்கீலம்மாகிட்ட அந்த வரியைப் பத்திக் கேட்டா, எல்லாம் உங்க நல்லதுக்குத்தான்னு சொல்லிக் காரேறிட்டாங்க. சபை ஆபீஸ் கிளார்க், கூட்டக் குறிப்பு அங்கீகாரம் ஆயிடுச்சு, இனி திருத்த முடியாதுன்னுட்டார்.

அதுக்கப்புறம்தான் எனக்குக் கொஞ்சம் ரோஷம் வந்துச்சு. நடந்ததை அப்படியே டைப் அடிச்சு, அறுபது பிரதி எடுத்து, மூணு தெருவுல வீடு வீடாப் போட்டேன். நான் கடைசிப் பிரதியைப் போட்டுட்டு வர்றேன், வாசல்ல வேன் நிக்குது. சலூன் நாற்காலியை மல்லாக்கக் கயிறு போட்டுக் கட்டியிருந்தாங்க. மாமா அவர் தங்கச்சி ஊருக்குப் போறார். நான் கூப்பிட்டேன், கேட்கலையோ என்னவோ, டிரைவர் பக்கத்துல ஏறி உட்கார்ந்துட்டார். இப்போ இந்தப் பக்கத்து ஆளுங்களும் என்கூடப் பேசறதில்லை, அந்தப் பக்கமும் பேசறதில்லை. அப்பாவும் என் கையால வாயில வைக்கிறதை வாங்கிக்கிறார், முகத்தைப் பார்க்கறதில்லை.

நீ இதுக்காக லீவு போட்டு ஓடி வராதே. வேலை இடத்துல யார் எந்தத் தாளை நீட்டினாலும் ஒருமுறைக்கு ரெண்டுமுறை படி. குளிர்ல குட்டி காதை மூடு, மாப்பிள்ளையை நேரத்துக்குச் சாப்பிடச் சொல்லு. நீங்க மூணு பேரும் நோய் நொடி இல்லாம, நாலு பேர் முன்னாடி தலை நிமிர்ந்து இருக்கணும், எங்க ரெண்டு பேரோட ஆசீர்வாதமும் அதுக்கு உண்டு. ஒண்ணே ஒண்ணு மறக்காதே. சலூன் மாமாவோட தங்கச்சி வீட்டு நம்பரைத் தனித் தாள்ல எழுதி இதோட வச்சிருக்கேன், என் குரலைக் கேட்டா வச்சுடறார், நீ கூப்பிட்டா பேசுவார். அவர் எப்படி இருக்கார்னு மட்டும் கேளு, எனக்காகக் கெஞ்சாதே. அவரா என் பேச்சை எடுத்தா, அந்த வரியை எங்க அம்மா எழுதலை, ஆனா எழுந்து நிக்கவும் இல்லைன்னு, ரெண்டையும் சேர்த்தே சொல்லு.

இப்படிக்கு,
உன் அம்மா