முழுத் துணி

அன்புள்ள அம்மாவுக்கு, பரிதோக்த் வணக்கத்துடன் எழுதுவது. யஸ்தில் குளிர் எப்படி? உங்கள் முழங்கால் வலி குறைந்ததா? டெஹ்ரானில் நான் நலம், அலுப்புதான் தீரவில்லை.

தையற்கூடத்தில் ஒரு வேடிக்கை. ஓட்டல் விருந்து ஒன்றுக்குப் பழங்கால உடைகள் தைக்கிறோம். நம் ஜரதுஷ்டிரப் பெண்களின் கால்சட்டைக்காக முதலாளியம்மா ஃபரங்கீஸ் பச்சையிலும் சிவப்பிலும் முழுப் பட்டு தந்தார். கைப்பழக்கத்தில் அதைப் பட்டை பட்டையாகக் கிழித்து, மாற்றி மாற்றி ஒட்டுப்போட்டு, மீனும் மயிலும் பூவேலை செய்துவிட்டேன்.

"அடிப்பாவி! நல்ல துணியை ஏண்டி கிழிச்சே? கோடு அச்சடிச்சாப் போதாதா?"

"முழுத் துணி உடுத்தக் கூடாதுன்னு அந்தக் காலத்துல ஆட்சியில இருந்தவங்க எங்க மதத்துக்காரங்களைத் தடுத்தாங்கம்மா. துண்டுகளைச் சேர்த்துச் சேர்த்துத்தான் இந்த உடையே வந்துச்சு."

"விருந்தாளிங்க சாப்பிட வர்றாங்கடி, அழவா வர்றாங்க? வண்ணக் கோடுன்னா மகிழ்ச்சின்னு அட்டையில எழுதி வை."

நான் எழுதவில்லை. இப்போது பொத்தான் தைக்கும் மூலையில் உட்கார வைத்திருக்கிறார்கள். கவலைப்படாதீர்கள், அங்கே கொஞ்சம் வெயில் வரும்.

உலர்ந்த முசுக்கொட்டைப் பழம் அனுப்புங்கள். பொட்டலத்தை உங்கள் பழைய முக்காட்டில் சுற்றுங்கள், துவைக்க வேண்டாம். இடுப்பளவையும் எழுதுங்கள். நவ்ரூஸ் புத்தாண்டுக்கு உங்களுக்கு ஒரு கால்சட்டை தைக்கப்போகிறேன், ஓர் ஒட்டுகூட இல்லாமல், முழுத் துணியில்.

கூப்பிடுகிறார்கள், போகிறேன்.

உங்கள் பரி